விட்டுச் சென்றதும் தந்து சென்றதும்: வலிகாமப் பாடசாலையொன்றின் சித்திரச் சேகரிப்பு

பின்னணி

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையில் 2011 முதல் நடந்தவற்றை இங்கே பதிகிறேன். பாடசாலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் அங்கே சித்திரம் படிப்பித்தேன், சேகரிப்புக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

யாழ்ப்பாணத்தில் ஓவியர் என்றால் பெரும்பாலும் சித்திர மாஸ்ரர்தான். 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஆர்ட் கிளப் என்ற ஓவியக் கழகத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து அ. மாற்கு வரை, ஓவியம் இங்கே வகுப்பறையோடு ஒட்டித்தான் வளர்ந்தது. ஆனால் வரைந்ததைப் பாதுகாத்து வைக்க ஓர் இடம் நெடுங்காலம் இருக்கவில்லை. நாவலர் வீதி நூதனசாலை தொல்பொருட்களுக்கானது. ஓவியங்கள் மாஸ்ரர்மாரின் வீட்டுச் சுவரிலும் பாடசாலை மண்டபத்திலும் கிடந்தன. வீடும் மண்டபமும் போனபோது அவையும் போயின.

எங்கள் பாடசாலையில் எண்பதுகளின் நடுவிலிருந்து 2003 வரை ஒரே சித்திர மாஸ்ரர் இருந்தார். தனக்குப் பிடித்த படங்களை மாணவரிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது அவருடைய பழக்கம். ஏன், எதற்கு என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களின் வேர் இதுதான்.

2011: பெட்டி

ஆண்டு முடிவுப் பொருட்கணிப்புக்காகச் சித்திர அறையின் பெரிய அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரோடு ஒரு தகரப் பெட்டி. பூட்டு இல்லை. திறந்த ஊழியர் இரண்டு கட்டுகளைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார்: "ரீச்சர், இதுகளை எரிக்கவோ?"

உள்ளே 86 படங்கள். மேலே இருந்தவை பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அடியில் இருந்தவைதான் நல்ல நிலையில் இருந்தன, காற்றுப் படாததாலோ என்னவோ.

கடுதாசியைப் பார்த்தே காலத்தைச் சொல்லக்கூடியதாக இருந்தது. எண்பதுகளின் படங்கள் தடித்த சித்திரத் தாளில் போஸ்ரர் கலரால் ஆனவை. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், தாள் மெலிகிறது, நிறமும் குறைகிறது. ரோனியோ அடித்த தவணைப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கம், கணக்குக் கொப்பியின் நடு ஒற்றை, மாப்பைக் கடுதாசி. நிறத்துக்கு மஞ்சள், கரி, செம்பாட்டு மண், உடுப்புக்குப் போடும் நீலம்.

அவற்றில் ஒன்றை நான் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புச் சமூகக்கல்வி வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு பிள்ளை ஜாம் போத்தல் விளக்கை வரைந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் படித்த எல்லோருக்கும் அந்த விளக்குத் தெரியும்: போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். பிள்ளை சுற்றிவரக் கரியால் இருட்டடித்து, சுடருக்குத் தாளை வெறுமனே விட்டிருக்கிறது. மட்டமான தாளில் மரச்சத்து அப்படியே இருக்கும், காலப்போக்கில் அது பழுக்கும். வெளிச்சத்துக்காக விட்ட வெள்ளை இப்போது மண்ணெண்ணெய் வெளிச்சத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது. பின்னால் இருந்து மூன்றாம் வினா மெல்ல ஊறித் தெரிகிறது.

எரிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. யோசிக்க வேண்டியிருந்தது அடுத்த படிக்கு. அங்கேதான் அவசரப்பட்டோம்.

2012: முதல் முடிவு, முதல் பிழை

அதிபருக்குப் படங்களைப் பரிசளிப்பு விழாவில் காட்ட வேண்டும். எனக்குக் கறையான் பயம். லண்டனில் உள்ள பழைய மாணவர் சங்கக் கிளை காசு அனுப்பத் தயாராக இருந்தது. எல்லோருக்கும் பொருந்திய வழி லமினேற். நகரில் ஒரு பிரதிக்கடையில் 19 படங்களைக் கொடுத்தோம். பளபளவென்று வந்தன. மண்டபத்தில் தொங்கவிட்டபோது எல்லோருக்கும் சந்தோசம்.

மூன்று வருடத்தில் விளைவு தெரிந்தது. தாளில் இருந்த ஈரம் பிளாஸ்ரிக்குக்குள் அடைபட்டுப் பழுப்புப் புள்ளிகளாக எழுந்தது. போஸ்ரர் கலர் தடிப்பாகப் பூசிய இடங்களில் சூட்டில் நிறம் தாளை விட்டுப் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக்கொண்டது. உரித்தால் படம் போய்விடும், உரிக்காவிட்டால் புள்ளி பரவும். லமினேற் செய்ததைப் பழையபடி ஆக்க வழியில்லை என்பதை முதலே விசாரித்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்திருக்கலாம். கடைக்காரரில் குற்றமில்லை. சொன்னதைச் செய்தார்.

கரியால் வரைந்த படங்களை மட்டும் நான் கொடுக்கவில்லை. உருளையில் போனால் தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். பெரிய அறிவால் எடுத்த முடிவு இல்லை, ஆனால் பின்னால் முக்கியமாகியது.

2013: பதிவேடு

இரண்டாவது முடிவு, ஒவ்வொரு படத்துக்கும் இலக்கம் போட்டுப் பதிவது. ஓய்வுபெற்ற மாஸ்ரரின் வீட்டு விறாந்தையில் நான்கு சனிக்கிழமைகள் இருந்து இதைச் செய்தோம். படம் படமாகக் கையில் கொடுப்பேன். பெயர் எழுதியிருக்கிறதா என்று அவர் திருப்பிப் பார்க்கவே மாட்டார். "பனையை எப்படிக் கீறியிருக்கு எண்டு பார்த்தால் தெரியும், பிள்ளை. இவன் எப்பவும் ஓலையை முதல் போட்டிட்டுத்தான் மரம் கீறுவான்." 86இல் 61 படங்களுக்கு ஆளைச் சொன்னார். பழைய புள்ளிக் கொப்பிகளோடு ஒப்பிட்டதில் மூன்றுதான் பிழை.

பதிவேட்டில் இருந்த நிரல்கள்: இலக்கம், வரைந்தவர், வகுப்பு, ஆண்டு, எதில் எதனால் வரைந்தது, அளவு, நிலை. எப்படி வந்தது என்ற நிரலை நான் போடவில்லை. எல்லாம் பெட்டியில் இருந்துதானே வந்தன என்று விட்டுவிட்டேன்.

கொப்பியோடு நிற்காமல் பாடசாலையின் பொருட்பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும் என்று வற்புறுத்தியது நான்தான். அரச பாடசாலையில் அதிபரும் ஆசிரியரும் இடமாற்றத்தில் போவார்கள். பதிவேட்டில் இல்லாத பொருளை அடுத்து வருபவர் தேடமாட்டார். கதிரை மேசைக்குக் கிடைக்கும் காவலாவது படத்துக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பெறுமதி என்ற நிரலில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றபோது அதிபர் சொன்னார், "ஒரு ரூபா எண்டு போடுங்கோ ரீச்சர், கணக்காய்வில கேட்டால் நான் சொல்லுறன்." 86 படங்களுக்கு 86 ரூபா.

2013–2015: சேகரிப்பது என்ன?

அந்த ஆண்டு முதல், உயர்தரத்தில் சித்திரம் எடுத்துப் போகும் ஒவ்வொரு மாணவரும் ஒரு படத்தை விட்டுச் செல்வது என்று வைத்தோம். சங்கத்தின் காசில் இரண்டு வருடத்துக்கு ஒரு படம் இந்தப் பிரதேசத்து ஓவியர் ஒருவரிடம் வாங்குவது என்றும் முடிவாகியது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். பொன்னாடை போர்த்தி, படத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். ஓவியர் அதை வைத்து உலையேற்ற முடியாது.

எந்தப் படத்தை எடுப்பது என்பதில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. சங்கம் போட்டிகளில் பரிசு பெற்ற படங்களைக் கேட்டது. நான் மறுத்தேன். போட்டிக்கு வரையும் படங்களில் பாதி டெங்கு ஒழிப்பு, மீதி சுற்றாடல் தினம். பத்து வருடத்துப் பரிசுப் படங்களை அடுக்கி வைத்தால் எது எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டையோ தெருவையோ பார்த்து வரைந்ததை எடுப்போம் என்றேன். இழுபறியில் இரண்டும் எடுப்பதாக முடிந்தது. அலுமாரியில் இன்று நிறைய நுளம்புகள் உண்டு.

லண்டன் கிளையில் இருந்த ஒருவர் நல்லதொரு கேள்வி கேட்டார்: "நாளைக்கு ஒரு அதிபர் வந்து இதை விற்றால்?" அது வெறும் கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்தில் ஹேர்ட்ஃபோட்ஷியர் நிர்வாகம் பாடசாலைகளுக்குப் படங்களை இரவல் கொடுப்பதற்காக 1949இல் ஒரு சேகரிப்பைத் தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் அதன் பெரும்பகுதியை விற்க முடிவாகி, 2019இல் அது ஏலத்துக்குப் போனது. விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். அந்தப் பக்கம் எங்களையே திருப்பிக் கடிக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

2015இல் இன்னொரு சறுக்கல். சங்கம் அடித்த நாட்காட்டியில் ஒரு மாணவியின் படம் வந்தது. அவரிடம் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. தாள் பாடசாலையிடம் இருந்தாலும் படத்தின் பதிப்புரிமை வரைந்தவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவருடைய ஆயுள் முழுவதும், அதன் பின் 70 வருடமும் நிற்கும். மன்னிப்புக் கேட்டோம், மிச்ச நாட்காட்டிகளில் பெயரை ஒட்டினோம்.

2016: 34ஆம் இலக்கம்

அந்த வருடம் ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் பாடசாலைக்கு வந்தார். எங்கள் பழைய மாணவி. கண்காட்சிப் படம் ஒன்றை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மூலையில் தெரிந்த கரிச் சித்திரம் தன் தம்பி வரைந்தது என்றார்.

34ஆம் இலக்கம். துலாக் கிணறு, பக்கத்தில் வாழை, குனிந்து தண்ணீர் அள்ளும் ஒரு பெண்ணின் முதுகு. வாளி மட்டும் கோணல், மூன்று தடவை அழித்து வரைந்திருக்கிறது. பின்னால் பென்சிலில் பெயரும் "10 பி"யும். 1995 மூன்றாம் தவணைக்குப் புள்ளியிடக் கொடுத்தது. ஐப்பசி (ஒக்ரோபர்) 30ஆம் திகதி போரால் வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. அந்தக் குடும்பம் அங்கிருந்து வன்னிக்குப் போனது. தம்பி திரும்பி வரவில்லை. வீடும் கிணறும் நெடுங்காலம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. திருப்பிக் கிடைத்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வீடு இல்லை.

"அது அம்மா, ரீச்சர்," என்றார். "அம்மா என்னோடதான் இருக்கிறா. அவன்ர கையால ஆனது எண்டு எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை. தருவீங்களோ?"

எனக்குக் கொடுத்துவிட வேண்டும்போல இருந்தது. அதிபரால் முடியாது என்பதும் தெரிந்தது. பொருட்பதிவேட்டில் ஏறியதை அவர் தன் எண்ணத்துக்குக் கொடுக்க முடியாது. ஏற்றச் சொன்னது நான். கொடுக்கக் கூடாது என்ற பக்கத்தில் கையொப்பமிட்டதும் நான்.

அதிபர், உப அதிபர், சங்கச் செயலாளர், நான் என்று நான்கு பேர் இருந்து பேசினோம். பிரதி எடுத்துக் கொடுப்பது ஒரு வழி. செயலாளர் அதைத்தான் சொன்னார்: இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை ஐம்பது பேர் வருவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. சேகரிப்பில் அந்தக் காலத்தைச் சொல்லும் படங்கள் இருபதுக்கு மேல் இல்லை, அதில் நல்லவை ஏழெட்டு.

ஓய்வுபெற்ற மாஸ்ரரிடம் போய்க் கேட்டேன். மற்றப் படங்களை அவர் விரும்பி வைத்துக்கொண்டவர். இதை? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நான் வைச்சிருந்தது இல்லை. குடுக்க நாள் இருக்கேல்லை," என்றார்.

அதில் எங்களுக்கு வழி கிடைத்தது. இந்தப் படம் பாடசாலைக்குத் தரப்பட்டது இல்லை. திருத்தித் தரும்படி கொடுத்தது, இடப்பெயர்வில் இங்கேயே தங்கிவிட்டது. பரீட்சைத் தாள் ஆசிரியரின் மேசையில் இருந்தால் அது ஆசிரியருடையதாகிவிடாது. அப்படியென்றால் பொருட்பதிவேட்டில் ஏற்றியதே பிழை, திருத்த வேண்டியது பதிவை. இதையே காரணமாகக் காட்டி, மாஸ்ரரின் கையொப்பமிட்ட கூற்றையும் புள்ளிக் கொப்பிப் பக்கத்தையும் இணைத்து மேலிடத்துக்கு எழுதினோம். ஏழு மாதத்தில் மூன்று நினைவூட்டல்கள். ஒரு தடவை, ஒரு ரூபாப் பொருளுக்கு ஏன் இவ்வளவு கடிதம் என்று கேட்டார்கள். கடைசியில் அனுமதி வந்தது. 2017இல் ஓர் உறவினர் வந்து கையொப்பமிட்டு எடுத்துப் போனார். அமிலமற்ற மட்டையில், தொடாமல் மேலே ஒரு மெல்லிய தாள் போட்டு, நானே கட்டிக் கொடுத்தேன். ஸ்கான் செய்த பிரதி எங்களிடம் உண்டு.

ஒரு மாதம் கழித்துப் புகைப்படம் வந்தது. சட்டம் போட்டு, வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே, பெரிய யன்னலுக்கு நேரெதிரே மாட்டியிருந்தார்கள். கண்ணாடியில் வெய்யில் விழுந்து கிணறு பாதி தெரியவில்லை. கரி நிற்கும், அந்தத் தாள் நிற்காது. யன்னலுக்கு எதிரே வேண்டாம், உள் அறையில் மாட்டுங்கோ என்று எழுதினேன். பதில் வந்தது: "அம்மா காலமையில அந்த யன்னலடியிலதான் இருக்கிறவ ரீச்சர்." அதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

2020: மழை

இரும்பு அலுமாரி பாரமானது என்பதால் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். பழைய படங்கள் அடி லாச்சியில், புதியவை மேலே. மார்கழி (டிசெம்பர்) தொடக்கத்தில் புரெவி புயலோடு வந்த மழையில் சித்திர அறைக்குள் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள்தான் போய்ப் பார்க்க முடிந்தது. அடி லாச்சியில் 23 படங்கள் நனைந்திருந்தன.

இந்தத் தடவை நிதானமாக இருந்தோம். போஸ்ரர் கலர் தண்ணீரில் கரையும், ஆகவே ஒற்றி எடுக்கவோ அழுத்தவோ கூடாது. பத்திரிகைத் தாளில் வைத்தால் மை ஏறும். மாணவர் வீடுகளிலிருந்து பழைய வெள்ளை வேட்டிகள் கொண்டுவந்தார்கள். மேல்மாடி வகுப்பறையில் மேசைகளை ஒட்டிப் போட்டு, வேட்டி விரித்து, படங்களை முகம் மேலே பார்க்கக் கிடத்தினோம். மின்விசிறி சுவரைப் பார்த்துத்தான் சுழன்றது. வெய்யிலில் வைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகே, வெளியில், முகக்கவசம் போட்டு மென்தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டினோம். ஈரத்தில் துடைத்தால் அது தாளுக்குள் ஏறும். முகக்கவசத்துக்கு அந்த வருடம் பஞ்சமில்லை.

17 படங்கள் நல்லபடி காய்ந்தன, நான்கில் கறை நின்றது, இரண்டு போய்விட்டன. போனதில் ஒன்று, மஞ்சளாலும் செம்பாட்டாலும் வரைந்த ஒரு தேர். அதே லாச்சியில் கிடந்த லமினேற் படங்கள் மட்டும் துளியும் நனையவில்லை. இதை எழுதாமல் விட மனம் வந்தது, ஆனால் எழுத வேண்டும்.

ஜாம் போத்தல் விளக்கு அப்போது மாஸ்ரர் வீட்டில் இருந்தது, பெயர் தெரியாத பிள்ளையை அடையாளம் காண்பதற்காக. அதனால் தப்பியது. பிள்ளை யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போதைய நிலையும் மாற்றியவையும்

அலுமாரி மேல்மாடிக்குப் போய்விட்டது. பழையவை நடு லாச்சியில். ஒவ்வொரு படத்துக்கும் தனி மடிப்புத் தாள், மாரி தொடங்க முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து பார்ப்பது. ஸ்கான் செய்தவை இரண்டு இடங்களில் இருக்கின்றன. வேப்பிலை போடுவதை நிறுத்தினோம். காய்ந்த இலையே பூச்சிக்கு இருப்பிடமாகிறது.

திரும்பத் தொடங்கினால் முதல் வருடம் ஒரு சதமும் செலவழிக்க மாட்டேன். பெட்டியைப் பிரித்து, காயவைத்து, படமெடுத்து, மாஸ்ரரிடம் கேட்டு எழுதுவதோடு நிறுத்துவேன். மண்டபத்தில் மாட்டும் ஆசைக்கு நல்ல பிரதி போதும். பொருட்பதிவேட்டில் ஏற்றுவதை இன்றும் சரியென்றே நினைக்கிறேன், ஆனால் எப்படி வந்தது என்பது நிரம்பாமல் ஒன்றையும் ஏற்ற மாட்டேன். அந்த நிரலை 2017இல் சேர்த்தோம். பழைய 86க்கும் மாஸ்ரரைக் கேட்டு நிரப்பியதில், ஒன்பது படங்கள் 34ஆம் இலக்கத்தைப் போலவே புள்ளியிட வந்து நின்றுபோனவை என்று தெரிந்தது. அவற்றின் விபரத்தைச் சங்கத்தின் கிளைகளுக்கு எல்லாம் அனுப்பினோம். இதுவரை இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் படத்தை எடுத்துக்கொண்டார், மற்றவர் பாடசாலைக்கே தருவதாகக் கடிதம் தந்தார். செயலாளர் பயந்த ஐம்பது பேர் வரவில்லை.

உயர்தர மாணவர் கட்டாயம் ஒரு படம் விட்டுச் செல்ல வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டோம். இப்போது ஒரு பக்கப் படிவம்: தருகிறேன், இரவல் தருகிறேன், எடுத்துச் செல்கிறேன். மூன்றில் ஒன்றுக்குக் கோடிட்டுக் கையொப்பமிட வேண்டும். படம் காட்சிக்கு வந்ததும் இலக்கம் போட்டுவிடுவதால், எடுத்துச் செல்பவர்களின் வரியும் பதிவேட்டில் இருக்கும். கடைசியாக நான் பொறுப்பில் இருந்த வருடம் ஒன்பது மாணவரில் நான்கு பேர் எடுத்துச் செல்வதாகக் கோடிட்டார்கள். அதில் ஒன்று, குருநகர் இறங்குதுறையில் வலை சிக்கெடுக்கும் மூன்று பெண்களின் நீர்வர்ணம், பத்து வருடத்தில் எங்களிடம் வந்த மிகச் சிறந்த படம். இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கும்படி அதிபர் சொன்னார். கேட்டேன். வரைந்த பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். 171ஆம் இலக்கத்துக்கு நேரே அவளுடைய பெயர், அளவு, நீர்வர்ணம், நிலை நன்று, எடுத்துச் சென்றார்.